கழுத்தில் மைக் மாட்டிய மில்ட்ரெட் மிஸ்

மில்ட்ரெட் மிஸ் வராந்தாவில் நடந்துகொண்டே பேசுகிறார். எதிரே யாரும் இல்லை. கையில் போனும் இல்லை.

"இன்னைக்கு எங்க வீட்ல தோசை. மாவு புளிச்சுப் போச்சு. இப்பம் படிக்கட்டுகிட்ட வந்துட்டேன். ஒரு புறா உக்காந்திருக்கு, இறக்கையெல்லாம் நனைஞ்சுபோயி. சயின்ஸ் லேப்பத் தாண்டுதேன். உள்ள ஒரு ஆளும் கெடையாது, தண்ணி மட்டும் சொட்டுது. இப்பம் மழைல எறங்கப் போறேன்."

குடையை விரித்து இறங்கியும் விடுகிறார். மழைக்காலத்தில், மராத்தி பேசும் எங்கள் ஊரான கட்கியில் காலை நேரத்து மைதானம் பாதிதான் தெரியும். மீதியைப் பனி எடுத்துக்கொண்டு போயிருக்கும். மிஸ் அந்தப் பாதிக்குள் நுழைந்ததும் முதலில் புடவையின் நிறம் மங்கும், பிறகு குடை, பிறகு ஆளே இல்லை. தண்ணீர்த் தொட்டி இருக்கும் திசையிலிருந்து பேச்சு மட்டும் லேசாக வரும். அதுவும் நின்றுவிடும். ஆனால் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு அந்தப் பேச்சு நின்றிருக்காது. அவளுக்கு மிஸ் பக்கத்திலேயே இருப்பார்.

திரும்பி வந்து, செருப்புக்குப் பதிலாக ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட கால்களை மிதியடியில் துடைத்துக்கொண்டே மிஸ் அந்தப் பிள்ளையிடம் கேட்பார்: "எதுவரைக்கும் கேட்டுது?"

"புறா வரைக்கும் கிளியர். தொட்டிகிட்ட கர்ர்ருன்னுது."

"அப்பம் பேட்டரி வீக்கு. சலோ, மாத்திருவோம்."

மிஸ் சோதித்துப் பார்த்தது ஒரு மைக். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆன் செய்திருந்தால் அதில் ஒரு பச்சை விளக்கு எரியும். காது சரியாகக் கேட்காத பிள்ளையின் காதுக்கருவியின் அடியில் ஒரு சிறிய ரிசீவரைச் செருகிவிட்டால், மைக் மாட்டியவர் பேசுவது நேராக அந்தக் காதுக்குள் போய்விடும். காதுக்கருவி மட்டும் இருந்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. காதுக்கருவி மின்விசிறியையும், பெஞ்சு இழுபடுவதையும், பின்னால் இரண்டு பேர் சண்டை போடுவதையும் சேர்த்தே பெரிதாக்கும். மைக் ஒரே ஒரு குரலைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வருகிற மாதிரி கொண்டுவந்து சேர்க்கும்.

புதிதாக வந்த வாட்ச்மேனுக்கு இதெல்லாம் தெரியாது. முதல் வாரம் முழுக்க, பனிக்குள் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகும் டீச்சரைப் பார்த்துவிட்டு, ஆபீஸில் போய், மேடத்துக்கு உடம்பு சரியாகத்தானே இருக்கிறது என்று மெதுவாக விசாரித்திருக்கிறார்: "மேடம் கீ தபியத் டீக் ஹை நா?" மிஸ்ஸிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பும் மைக்கில் போனது.

மில்ட்ரெட் மிஸ்ஸுக்கு ஐம்பது நெருங்குகிறது. குட்டையான உருவம், கழுத்தோடு வெட்டிய தலைமுடி, நாலு இடத்தில் ஊக்கு குத்திய காட்டன் புடவை. ஓடுவதற்கு வசதியாகப் புடவையைக் கணுக்காலுக்கு மேலேயே கட்டுவார். அவருடைய தாத்தா நாசரேத் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு இங்கே வந்தவர். மிஸ் நாசரேத்தை இரண்டு மூன்று கல்யாணங்களுக்குத்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் கோபம் வந்தால் அந்த ஊர்த் தமிழ்தான் வரும். கணக்குக்கு மராத்தி, ரிக்ஷாக்காரரிடம் இந்தி, பிரின்சிபாலிடம் ஆங்கிலம். பிள்ளைகள் அதிகம் சத்தம் போட்டால், போதும், அமைதியாக உட்காருங்கள் என்பது எல்லா மொழியும் கலந்து வரும்: "பஸ் ஏட்டி, பஸ். சாந்த் பசா. ஐ ஹேவ் எ ஹெட்டேக்."

பள்ளியில் அவருக்குத் தனியாக ஒரு பாடம் இல்லை. மாடியில் கடைசி அறை அவருடையது. முன்பு அதில் பேண்டு வாத்தியங்களை வைத்திருந்தார்கள். ஒரு பெரிய டிரம் இன்னும் மூலையில் இருக்கிறது, அதன்மேல் மிஸ் ரெயின்கோட்டைக் காயப்போடுவார். கண் தெரியாத தேஜஸுக்குப் பாடத்தை வாசித்துக் காட்டும் கம்ப்யூட்டர் அங்கேதான் இருக்கிறது. அது வாசிக்கும் வேகத்துக்கு நமக்கு ஒன்றுமே புரியாது, தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். தேஜஸ் அதைக் கேட்டுக்கொண்டே வடாபாவ் சாப்பிடுவான். எழுத்தைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி, சாய்வான பலகை, பேச்சை எழுத்தாக மாற்றும் டேப்லெட் எல்லாம் மேஜைமேல் கிடக்கும். மற்ற டீச்சர்கள் அந்த அறைக்கு "மில்ட்ரெட் கடை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மிஸ்ஸும் அப்படியே சொல்லுவார்: "கடை தொறந்தாச்சு, என்ன வேணும்?"

அவரிடம் விசித்திரமான ஒரு பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகமாட்டார். பக்கத்துப் போபோடிச் சந்துகளில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் இடங்களில் போய் நிற்பார். "புரானா பால் ஹை க்யா?" என்று பழைய பந்து கேட்பார். ரோமம் உதிர்ந்த, அடிபட்ட, சாக்கடையில் விழுந்து எழுந்த டென்னிஸ் பந்துகளைப் பையில் வாங்கிக்கொள்வார். வீட்டில் கழுவி, கத்தியால் குறுக்கே கீறி, வகுப்பில் உள்ள பெஞ்சு, நாற்காலிகளின் கால்களில் செருகுவார். நாற்காலி இழுபடும் சத்தம் அதோடு அடங்கிவிடும். காதுக்கருவி போட்ட பிள்ளைக்கு அந்தச் சத்தம் பல்லில் கம்பியால் இழுப்பது போலிருக்கும் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சந்துப் பையன்கள் அவரைப் "பால்வாலி ஆன்ட்டி", அதாவது பந்துக்கார ஆன்ட்டி, என்று கூப்பிடுகிறார்கள். பந்தைச் சாக்கடையில் விட்டவனை, "ஆன்ட்டி வரும், அதுவரைக்கும் நீயே வச்சுக்க" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். மிஸ்ஸுக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது. எங்கள் வகுப்பு நாற்காலிகள் மஞ்சள் காலுறை போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் நகர்ந்த காலத்தை நினைத்தால், அது பள்ளிக்கூடம் மாதிரியே இல்லை, எல்லாம் தண்ணீரில் மிதந்த மாதிரி இருக்கிறது.

நான் ஒன்பதாவது படித்த வருஷம் அந்த மைக் ஃபேபியோலாவுக்காக இருந்தது. என் பெஞ்சுக்காரி. அப்பா தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறார், வீடு போபோடியில். சிறுவயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. பேச்சில் 'ச'வும் 'ஷ'வும் கொஞ்சம் கரைந்து வரும். வாய் அதிகம். யாரையும் நடித்துக் காட்டிவிடுவாள்.

ஒவ்வொரு பீரியடுக்கும் மைக் கழுத்து மாறவேண்டும். மணி அடித்ததும் மிஸ் மாடியிலிருந்து ஓடிவருவார். போகிற டீச்சரின் கழுத்திலிருந்து கழற்றி, வருகிற டீச்சரின் கழுத்தில் மாட்டுவார். சிலர் தலையைக் குனிந்து கொடுப்பார்கள். சிலர் மறந்துவிட்டதாகச் சொல்லி நழுவுவார்கள். கணக்கு சார் லக்ஷ்மிநாராயணன், நிக்டியிலிருந்து லோக்கல் ரயிலில் வருகிறவர், முதல் நாளே தகராறு பண்ணினார்.

"என்ன மிஸ் இது, எனக்குப் போய்க் கட்டி விடறேள்? என் கல்யாணத்துலயே நான் கழுத்த நீட்டல, அவதான் நீட்டினா."

"இப்பம் நீட்டுங்க சார். ரொம்பக் குனிய வேண்டாம், நான் குட்டைதான்."

"நெத்தியில குங்குமம் வேற வச்சுடுவேளோன்னு பயமா இருக்கு."

ஆனால் அவர்தான் ஒழுங்காக மாட்டிக்கொள்ளும் ஆளாக மாறினார். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் பழக்கம் அவருக்கு. அதுவரை ஃபேபியோலா அவருடைய முதுகை மட்டுமே படித்திருக்கிறாள். மைக் வந்த பிறகு அவர் முதுகு காட்டிக்கொண்டு முனகுவதுகூட அவளுக்குக் கேட்டது. "சார் கணக்குப் போடும்போது நடுவுல 'முருகா'ங்காரு," என்று எங்களுக்கு அவள்தான் சொன்னாள்.

மைக்கில் வரும் குரல் எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்கள்லாம் பேசுறது தண்ணிக்கு அடியில இருந்து வரும். மைக் போட்டவங்க பேசுறது என் தலைக்குள்ளயே இருந்து வரும். நானே நெனச்ச மாதிரி."

அவளுக்கு அதில் இன்னொரு சந்தோஷமும் இருந்தது. மிஸ் மைக்கை அணைக்க மறந்துவிடுவார். காலைச் சோதனை முடிந்ததும் அப்படியே கழுத்தில் போட்டுக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கும் மாடிக்கும் அலைவார். அது பழைய செட், சுவர் தாண்டியும் எடுக்கும். ஃபேபியோலா பெஞ்சில் உட்கார்ந்தபடியே எங்களுக்கு நேரலை சொல்லுவாள்.

"மிஸ் டீ குடிக்காவ. உறிஞ்சுற சத்தம் கேக்கு."

"மிஸ் படி ஏறுதாவ. மூச்சு வாங்குது."

"மிஸ் பாடுதாவ. சர்ச் பாட்டு. ஒரு வரியவே பாடுதாவ, அடுத்த வரி மறந்துட்டாவ போல."

ஒருநாள் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்றேன். "மிஸ் எங்கயோ வாசல்ல நிக்காவ. ஒண்ணும் பேசல. மழை மட்டும் கேக்கு," என்றாள். எங்கள் ஜன்னலுக்கு வெளியிலும் மழைதான் பெய்துகொண்டிருந்தது. ஆனால் அவள் கேட்டது மிஸ் கேட்ட மழையை. மைக் அணைக்காமல் இருக்கிறது என்று நாங்கள் யாரும் மிஸ்ஸிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று ஃபேபியோலா கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலை யூனிட் டெஸ்டில் அவளுடைய மதிப்பெண் விழுந்தது. கணக்கு நன்றாக இருந்தது. வரலாறும் இந்தியும் விழுந்துவிட்டன. பிரின்சிபால் அவளுடைய அப்பாவைச் சனிக்கிழமை வரச்சொன்னார். காது கேளாத பிள்ளைகளுக்கென்று நகருக்குள் தனிப் பள்ளி ஒன்று இருக்கிறது, அங்கே கைமொழியில் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஒன்பதாவதிலேயே மாறிவிட்டால் பத்தாவது பரீட்சைக்கு வசதி என்பது அவருடைய எண்ணம். அது கெட்ட பள்ளியில்லை. ஆனால் ஃபேபியோலாவுக்குக் கைமொழி தெரியாது. அவள் நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பதற்கு வேண்டிய ஆட்கள் எல்லாரும் இங்கேதான் இருந்தார்கள். மில்ட்ரெட் மிஸ் விடமாட்டார் என்று அவள் நம்பினாள். நாங்களும்தான்.

அந்த வாரம் திங்கட்கிழமை விளையாட்டு பீரியடில் மழை. வகுப்பிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஃபேபியோலா வழக்கம்போல நேரலையைத் தொடங்கினாள். "மிஸ் ஸ்டாஃப் ரூமுக்குள்ள போறாவ. நாற்காலி இழுக்காவ. லக்ஷ்மிநாராயணன் சார் ஏதோ கேக்காரு, தூரமா இருக்காரு, சரியா விழல." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்தினாள். சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் முகத்தில் இருந்தது, எடுத்து வைக்க மறந்த பொருள் மாதிரி.

அவள் கேட்டதை மதியம் எங்களிடம் சொன்னாள். எல்லாரையும் நடித்துக் காட்டுகிறவள் இதை நடிக்காமல் சொன்னாள். மிஸ் பேசியதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"எனக்கு அசந்து போச்சு சார். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொரு கழுத்தா ஓடுதேன். பாதிப் பேரு போடவே மாட்டேங்காங்க. நான் ஒருத்தி எவ்வளவுதான் ஓடுவேன்? அந்தப் பிள்ள அங்கயே போகட்டும் சார். அதுக்கும் நல்லது. நானும் கொஞ்சம் மூச்சு விடுவேன்."

அன்று கடைசி மணி அடித்த பிறகு ஃபேபியோலா மாடிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மிஸ் டேப்லெட்டுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். ஃபேபியோலா காதுக்கருவிகளிலிருந்து இரண்டு ரிசீவர்களையும் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"என்னட்டி, பேட்டரியா?"

"வேண்டாம் மிஸ்."

"ஏன்?"

"காலைல நீங்க ஆஃப் பண்ணல."

மிஸ்ஸின் கை கழுத்துக்குப் போனது. பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். எதையெதை எங்கெங்கே பேசினோம் என்று அவர் மனசுக்குள் பின்னோக்கி நடந்து போவது முகத்தில் தெரிந்தது. ஸ்டாஃப் ரூமுக்கு வந்து சேர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது ஃபேபியோலா படியிறங்கிப் போயிருந்தாள்.

அடுத்த மூன்று நாட்களும் காலையில் வராந்தாவில் பேச்சில்லை. புறா இருந்தது. பனி வந்து வகுப்பு வாசல்வரை நின்றுவிட்டுப் போனது. ஃபேபியோலா வெறும் காதுக்கருவியோடு உட்கார்ந்து, டீச்சர்களின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் திரும்பிவிட்டால் மேஜையைப் பார்த்தாள். லக்ஷ்மிநாராயணன் சார் வகுப்புக்குள் வந்து, பழக்கத்தில் தலையைக் குனிந்து நின்றார். மாட்டிவிட ஆள் இல்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்துகொண்டார். அந்தப் பீரியடு முழுக்கக் கரும்பலகைக்கு முதுகைக் கொடுத்து, எங்களைப் பார்த்தபடியே கையைப் பின்னால் வளைத்து எழுதினார். எழுத்து கோணலாகப் போனது. யாரும் சிரிக்கவில்லை.

மிஸ் கெஞ்சவில்லை. சமாதானம் சொல்லவும் வரவில்லை. "அப்படி நெனச்சுச் சொல்லல" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஃபேபியோலா நம்பியிருப்பாளோ என்னவோ. ஆனால் மிஸ் அதை நினைத்துத்தான் சொன்னார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் மிஸ் எங்கள் பெஞ்சுக்கு வந்தார். ஒரு கையில் மைக். இன்னொரு கையில் ஒரு பெரிய கறுப்பு ஹெட்போன். சரிபார்ப்பதற்கென்று அந்தச் செட்டோடு ஒரு தனி ரிசீவர் உண்டு. அதில் ஹெட்போனைச் செருகினால், காது நன்றாக உள்ளவர்களும் மைக்கில் வருவதைக் கேட்கலாம்.

ஃபேபியோலாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னார்: "கழுத்தக் காட்டுட்டி."

"எதுக்கு?"

"நீ எம் பேச்சக் கேட்டுட்ட. நான் உம் பேச்சக் கேக்கல. சாப்பாட்டு நேரம் முடியிற வரைக்கும் மைக்கு ஒங்கிட்ட. எங்க வேணா போ. யார்ட்ட வேணா பேசு. என்னைய ஏசணும்னா ஏசு. நான் மேல ரூம்ல இதப் போட்டுட்டு உக்காந்திருப்பேன். கழட்ட மாட்டேன்."

"எல்லாமும் கேப்பீங்களா?"

"எல்லாந்தான். பாத்ரூம் போனா மட்டும் ஆஃப் பண்ணிக்கோ. அது எனக்கு வேண்டாம்."

பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஃபேபியோலா சிரிக்கவில்லை. மிஸ்ஸின் கையிலிருந்து மைக்கை வாங்கித் தானே மாட்டிக்கொண்டாள். பொத்தானையும் தானே அழுத்தினாள்.

மழை விட்டிருந்தது. நாங்கள் மைதானத்துக்கு இறங்குவதற்குள் விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கல்யாண வீட்டு வீடியோக்காரரைச் சுற்றி நிற்பது போல அவளைச் சுற்றி நின்றார்கள். தேஜஸ் கோலைத் தட்டிக்கொண்டு வந்து, குரல் வந்த திசையில் குனிந்தான்.

"மிஸ், நான் தேஜஸ். அந்தக் கம்ப்யூட்டர்ல வாசிக்கிற அம்மா குரல மாத்திக் குடுங்க. ஜியாக்ரஃபி வாசிச்சாக்கூட என்னைத் திட்டுற மாதிரியே இருக்கு. பஸ், இவ்ளோதான்."

யாரோ ஒருத்தி, "மிஸ், ஃபேபி உங்கள மாதிரி பேசுவா, தெரியுமா?" என்று போட்டுக்கொடுத்தாள். "செஞ்சு காட்டு, செஞ்சு காட்டு" என்றார்கள். ஃபேபியோலா மேலே பார்த்தாள். மாடியில் கடைசி ஜன்னலில் மிஸ் தெரிந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காதிலும் கறுப்பு ஹெட்போனோடு, கன்னத்தில் கைவைத்திருந்தார்.

ஃபேபியோலா பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு எங்க வீட்ல தோசை. மாவு புளிச்சுப் போச்சு. நேத்தும் தோசை. நாளைக்கும் தோசை. ஒரு புறா வருது. அதுக்கும் தோசை வேண்டாமாம், பறந்து போயிட்டு. கழுத்தக் காட்டுங்க சார், கழுத்தக் காட்டுங்க மிஸ், வாட்ச்மேன் அண்ணா, நீங்களும் காட்டுங்க."

மிஸ் மாதிரியே குட்டை குட்டையாக அடி வைத்து ஓடி ஓடி அவள் ஒவ்வொருவர் கழுத்திலும் இல்லாத மைக்கை மாட்டினாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்த ஓட்டத்தை அவள் அத்தனை நுணுக்கமாகப் பார்த்து வைத்திருந்தாள். மூச்சு வாங்கும் இடம், முந்தானையை இழுத்துச் செருகும் இடம், மாடிப்படியில் ஒரு கணம் நின்று முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் இடம்கூட. அந்த முழங்கால் வந்ததும் அவளுடைய நடிப்பு மெதுவானது. பிறகு நின்றுவிட்டது. "போதும், போங்க" என்று எல்லாரையும் விரட்டினாள்.

மைதானத்தின் கோடியில் ஒரு சுற்றுச்சுவர். அதற்கு அப்பால் ரயில் பாதை. அவள் அங்கே நடந்தாள். என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் பின்னால் போனேன். லோணாவ்ளா போகும் லோக்கல் ஒன்று தடதடத்துக்கொண்டு போனது. அது போய்த் தரை அதிர்வது அடங்கும்வரை அவள் சுவரில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள். ஈரமான செங்கல், திட்டுத் திட்டாகப் பாசி. பிறகு பள்ளிக்கட்டடத்துக்கு முதுகைக் காட்டியபடி, யாரும் இல்லாத பாதையைப் பார்த்துப் பேசினாள்.

"மிஸ், நான் ஃபேபியோலா பேசுதேன். இது நடிப்பு இல்ல."

மைக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"உங்களுக்கு அசந்து போச்சுன்னீங்க. எனக்கும் அசந்து போவும் மிஸ். உங்களுக்கு ஓடி ஓடி. எனக்குக் கேட்டுக் கேட்டு. மத்த பிள்ளைங்க சும்மா உக்காந்திருந்தாலே அதுங்க காதுல விழுந்துருது. நான் ஒவ்வொரு வார்த்தையாப் பிடிக்கணும். விட்டுப் போனத என்னவா இருக்கும்னு யோசிச்சு நானே போட்டுக்கணும். அதுக்குள்ள அடுத்தது போயிரும். வீட்டுக்குப் போனதும் ரெண்டையும் கழட்டி வச்சிட்டு சுவத்தப் பாத்து உக்காந்துருவேன். கோவமா இருக்கேன்னு அம்மா நெனைக்கா. கோவம்லாம் இல்ல. யார்ட்டயும் சொல்லல. சொன்னா, பாத்தியா, அவளுக்கு முடியல, அங்க அனுப்பிருவோம்பீங்க."

மரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்தச் சொட்டும் மாடிக்குப் போயிருக்கும்.

"அசந்து போச்சுன்னா எங்கிட்ட சொல்லுங்க. ஒரு நாள் ஓடாதீங்க. நானே ஓடி மாட்டி விடுதேன், எனக்குக் காலு நல்லாத்தான் இருக்கு. ஆனா 'அந்தப் பிள்ள போகட்டும்'னு சார்ட்ட சொல்லாதீங்க. நான் போகல. நாளைக்கு அப்பா வந்தாலும், பிரின்சிபால் கேட்டாலும், இதத்தான் சொல்லுவேன். பத்தாவதும் இங்கதான் படிப்பேன்."

பேசப் பேச அவளுடைய 'ச' எல்லாம் கரைந்தது. அதைச் சரிசெய்ய அவள் நிற்கவில்லை.

"ஹிஸ்டரி மார்க் ஏன் போச்சு தெரியுமா? அந்த மிஸ் கேள்வி கேப்பாவ, அது கேக்கும். பதில் பிள்ளைங்க சொல்லும், அது கேக்காது. எல்லா பதிலும் தண்ணிக்குள்ள போயிரும். கேள்வியா மட்டும் எழுதி வச்சிருக்கேன் மிஸ். திங்கக்கிழமைல இருந்து பதில் சொல்லுற பிள்ள கையில மைக்கக் குடுக்கச் சொல்லுங்க. கை மாத்தி கை மாத்தி வரட்டும்."

நான் திரும்பி மாடியைப் பார்த்தேன். நடுவில் மைதானம் முழுக்கப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பனி மறுபடியும் கீழிறங்கத் தொடங்கியிருந்தது. கடைசி ஜன்னலில் ஆள் தெரிந்தார், ஆனால் உட்கார்ந்திருக்கவில்லை. மில்ட்ரெட் மிஸ் எழுந்து நின்றார். வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாங்கள் நிற்போமே, அப்படி. நாற்காலி பின்னால் தள்ளியிருந்தது, கைகள் இரண்டும் பக்கவாட்டில் நேராகத் தொங்கின, ஹெட்போன் காதிலேயே இருந்தது. ஃபேபியோலா பேசி முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை.